பையை கடைசியா வாங்குங்க மக்களே!

மலையேறப் போகணும்னு முடிவு பண்ணின உடனே நம்ம மக்கள் செய்யுற முதல் காரியம் பை வாங்குறது. ஆன்லைன்ல தேடி, 70 லிட்டர், 80 லிட்டர்னு போட்டிருக்குற ஏதோ ஒண்ணை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஆர்டர் பண்ணிடுவாங்க. அதே விலைக்கு 45 லிட்டரும் கிடைக்குது, 80 லிட்டரும் கிடைக்குதுன்னா 80 தானே லாபம்? அரிசி வாங்குற கணக்கு :-)

என் கட்சி இதுக்கு நேர் எதிர். பை கடைசியா வாங்க வேண்டிய பொருள். அதையும் லிட்டரைப் பார்த்து வாங்கக் கூடாது, இடுப்பு பெல்ட்டைப் பார்த்து வாங்கணும்.

ஏன் கடைசியா? என்னத்தை சுமக்கப் போறோம்னு தெரியாம எவ்வளவு பெரிய பைன்னு எப்படி முடிவு பண்றது? வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரு துணிப்பை, ஒரு மூங்கில் தடியோட ஏறி இறங்குற பெரியவங்க இருக்காங்க. ஒரு நாள் நடைக்கு உங்க காலேஜ் பையே போதும். புதுசா பனிமலை பார்க்க ஆசைப்படுறவங்க நிறைய பேர் போறது உத்தராகண்ட் கேதார்காந்தாவுக்கு. சுமார் 12,500 அடி. ஏற்பாட்டாளர்களோட போனா பெரும்பாலும் டெண்ட், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. நீங்க தூக்க வேண்டியது துணிமணி, குளிருக்கு ஜாக்கெட், தண்ணி, டார்ச். அதுக்கு 40லிருந்து 50 லிட்டர் தாராளம். 80 லிட்டர் வாங்கினா சும்மா இருக்காது. காலி இடம் கண்ணை உறுத்தும், ரெண்டு ஜீன்ஸை எடுத்துத் திணிப்பீங்க.

சரி, ஏன் இடுப்பு? தோள் என்பது சுமை தூக்குறதுக்கு ஏத்த இடமே இல்லை. 10 கிலோவை ரெண்டு பட்டையில தொங்க விட்டா, கழுத்தும் முதுகும்தான் அழும். இடுப்பெலும்பு நேரா தொடைக்கும் காலுக்கும் பாரத்தை இறக்கிடும். கலிஃபோர்னியாவுல டிக் கெல்ட்டின்னு ஒரு தச்சர். மலையில நடக்கும்போது பையோட சட்டக் கம்புகளை ஜீன்ஸ் பின் பாக்கெட்டுல சொருகிப் பார்த்தாங்க, தோள் பாரம் சட்டுனு குறைஞ்சுது. 1952ல அவரும் மனைவி நீனாவும் வீட்டுலயே பை தைச்சு விக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உருப்படியான மலையேற்றப் பை எல்லாத்துலயும் இருக்குறது இந்த யோசனைதான்.

ஆனா விலை குறைஞ்ச பைகள்ல முதல்ல வெட்டுறதே இதைத்தான். இடுப்புல ஒரு மெல்லிய நாடா, முதுகுல சட்டமே கிடையாது. பார்க்க மலையேற்றப் பை, உள்ள வெறும் சாக்கு.

அடுத்தது முதுகு நீளம். இது உயரத்தோட சம்பந்தப்பட்டது இல்லை. தலையைக் குனிஞ்சா கழுத்துக்கு அடியில ஒரு எலும்பு துருத்தும் இல்லையா, அங்கிருந்து ரெண்டு கையையும் இடுப்பெலும்பு மேல வெச்சா கட்டைவிரல்கள் காட்டுற கோடு வரைக்கும் டேப் வெச்சு அளங்க. அதுதான் உங்க பை சைஸ். முதுகை ஏத்தி இறக்குற வசதி உள்ள பை கிடைச்சா இன்னும் நல்லது.

கடைக்கு நேர்ல போங்க. உள்ள 8 கிலோ அளவுக்கு ஏதாவது போடச் சொல்லுங்க. எல்லா பட்டையையும் தளர்த்தி மாட்டுங்க. முதல்ல இடுப்பு பெல்ட்டை எலும்பு மேல, வயித்துல இல்லை, இறுக்குங்க. அப்புறம் தோள், கடைசியா நெஞ்சுப் பட்டை. இப்ப தோள் பட்டைக்கு அடியில விரல் சுலபமா நுழைஞ்சா, பாரம் இடுப்புக்கு இறங்கியிருக்குன்னு அர்த்தம். பத்து நிமிஷம் கடைக்குள்ளயே நடங்க. சேல்ஸ்மேன் முறைச்சா முறைக்கட்டும்.

காசை மிச்சம் பண்ண வேற வழி இருக்கு. ரெயின் கவருக்குப் பதில் பைக்குள்ள ஒரு தடிமனான பிளாஸ்டிக் உறை போதும். பதினாறு பாக்கெட் வேண்டாம். பிராண்ட் பேரும் வேண்டாம். முதல் தடவைன்னா வாங்கவே வேண்டாம், பெங்களூரு, டேராடூன் மாதிரி ஊர்கள்ல வாடகைக்கு கிடைக்குது. சட்டம், பெல்ட், நல்ல ஜிப், இந்த மூணுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

இவ்வளவு ஏன் நீட்டி முழக்குறேன்னா, ஒரு பை சரியில்லைன்னா போறது ரெண்டாயிரம் ரூபாய் மட்டும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் தோள் சிவந்து, மறுநாள் சுமையை கோவேறு கழுதை மேல ஏத்திட்டு, "நம்ம உடம்புக்கு மலை எல்லாம் ஒத்து வராது"ன்னு ஒருத்தர் முடிவு கட்டிடுறார். முதுகு நீளம் குறைவா இருக்குறவங்க, முக்கியமா பொண்ணுங்க, இதை அதிகமா சொல்லிக் கேட்கலாம். தப்பு உடம்புல இல்லைங்க. பெரிய ஆம்பளை முதுகுக்கு தைச்ச பையில.

டிஸ்கி: எந்தக் கடைக்கும் விளம்பரம் பண்ணலை. யாராவது காசு கொடுத்தா யோசிக்கலாம் :-)