பிள்ளை கவனிக்கவில்லையா?

"இதுக்குக் கவனமே இல்லை." ஒன்றாம் வகுப்பில் நம் தெருப் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் வார்த்தை இது. அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டு வந்தது, வீட்டில் என்ன மொழி பேசுகிறது, வகுப்பில் எங்கே உட்காருகிறது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை ஷிப்டுக்குத் தாய் விடியுமுன் கிளம்பினால் பிள்ளை வெறும் வயிற்றோடு வரும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தப் பசியை ஆற்றுகிறது. அதே ஆண்டு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பாட்டும் கதையுமாகப் பாடம் நடத்தச் சொல்கிறது. இரண்டையும் வரவேற்கிறோம்.

ஆனால் நம் மாவட்டத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு. விளங்காத பேச்சை எந்தக் குழந்தையும் வெகுநேரம் கேட்காது. அது கவனக்குறைவு அல்ல. கதைக்கு நடுவே அதன் வீட்டுச் சொல் இரண்டைச் சேர்த்தால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

அடுத்தது இடம். நாங்குநேரியில் 2023இல் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க 2024இல் பரிந்துரைத்தது. பெரிய வகுப்புக்கு மட்டுமல்ல, ஒன்றாம் வகுப்புக்கும் இது வேண்டும். கடைசி வரிசையில் பெயர் சொல்லி அழைக்கப்படாத பிள்ளை, மெல்ல மெல்லக் கேட்பதை விட்டுவிடும்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கல்லூரித் தம்பி தங்கைகளே, மாலையில் தெருவில் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் கதையையும் கேளுங்கள். தன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிற பிள்ளைதான் பிறர் பேச்சையும் கேட்கும்.