மேகக் கணிமை: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்!

மேகக் கணிமை... அதாவது கிளவுட் கம்ப்யூட்டிங். இந்த வார்த்தை இல்லாமல் இன்று எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் ஒரு செமினார் முடிவதில்லை. ஸ்லைடுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் ஸ்லைடில் ஒரு நீல நிற மேகம். இரண்டாவதில் ஐயாஸ், பாஸ், சாஸ் என்று மூன்று அடுக்கு. மூன்றாவதில், "கிளவுட் என்பது மின்சாரம் மாதிரி, பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டினால் போதும்" என்று ஒரு பொன்மொழி. கைதட்டல். டீ பிரேக்!

அந்த மூன்றாவது ஸ்லைடுதான் பிரச்சினையே. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பிறகு கன்சல்டன்ட் ஆகி, சிறு தொழில் நடத்துபவர்களிடம் போய் "எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடுங்க சார், செலவு குறையும்" என்று சொல்கிறார்கள். எதை மாற்றுவது, எந்த வகைக்கு மாற்றுவது, பிடிக்கவில்லை என்றால் எப்படித் திரும்பி வருவது என்பதை யாரும் சொல்வதில்லை.

மின்சாரமும் கணக்குப் புத்தகமும்

இந்த மின்சார உவமை புதிதல்ல. கணினி சேவை ஒருநாள் தொலைபேசி போலப் பொதுச் சேவையாகலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961-லேயே சொல்லிவிட்டார். 2008-ல் நிக்கோலஸ் கார் மின்சாரத்தோடு ஒப்பிட்டு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். சர்வர் வாங்கி வைக்காமல் வாடகைக்கு எடுப்பது என்ற அளவில் உவமை சரிதான்.

ஆனால் திருப்பூரில் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு பின்னலாடைக் கம்பெனியைக் கற்பனை செய்து பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அதே தையல் மெஷின் ஓடும். மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மெஷினைப் பொறுத்தவரை எந்த வித்தியாசமும் இல்லை. காரணம் எளிது. மின்வாரியத்திடம் அந்தக் கம்பெனியின் பொருள் எதுவும் இல்லை.

கிளவுட் அப்படியா? எந்த வாங்குபவர் எத்தனை பீஸ் கேட்டார், எந்தச் சாயப்பட்டறைக்கு எவ்வளவு துணி போனது, யாருக்கு எவ்வளவு சம்பள பாக்கி என்ற எல்லாமே அங்கேதான் இருக்கிறது. அது நின்றால் ஜெனரேட்டர் போட முடியாது. கம்பெனிக்கே தன் கடன் எவ்வளவு, வரவு எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும். இது கரண்ட் வாங்குவது போல் அல்ல, கணக்குப்பிள்ளையின் பெட்டியை அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு மாதாமாதம் வாடகை கட்டுவது போல.

கதை அல்ல, நடந்தவை

"இதெல்லாம் சும்மா பயமுறுத்தல், பெரிய கம்பெனிகள் ஏமாற்றுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஏமாற்றாமலேயே என்ன நடக்கும் என்று பாருங்கள்.

2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்க கிளவுட் சேமிப்பு நிறுவனம் கடையைச் சாத்தியது. "உங்கள் தகவல்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்த அவகாசம் சுமார் இரண்டு வாரம். பிறகு அக்டோபர் 15 வரை நீட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த தகவலை இணையம் வழியாக அந்த நாட்களுக்குள் இறக்க வேண்டும்!

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவன் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனம் கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது தகவல்களை அழிக்க ஆரம்பித்தான். பேக்கப்பும் அதே கணக்கில்தான் இருந்தது. பெரும்பகுதி அழிந்தது. நிறுவனம் மூடப்பட்டது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தகவல் மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டிடம் முழுவதும் நாசம். "மேகம்" என்று பெயர் வைத்தாலும் அது ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில் இருக்கும் இயந்திரம்தான் என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் ஓய்வூதிய நிதி. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகிள் கிளவுடில் நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அதன் சந்தாவே அழிந்துபோனது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும், கணக்கோடு சேர்ந்து இரண்டுமே போயின. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. அப்படியும் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியாக நம் நாட்டுச் சம்பவம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலையும், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெட்ரோல் பங்குகளும் வைத்திருக்கும் நிறுவனம் அது. சில நாட்களில் மைக்ரோசாப்ட் தன் சேவைகளை அந்த நிறுவனத்துக்கு நிறுத்தியது. பணம் முழுதாகக் கட்டியிருந்தும் சொந்தத் தகவலையே எடுக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத இறுதியில் சேவை திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு பெரிய வக்கீல்கள்... கிடைத்துவிட்டது. நம் 40 பேர் கம்பெனி எந்த கோர்ட்டுக்குப் போகும்?

கடை மூடியது, திருட்டு, தீ, தவறு, அரசியல். ஐந்துக்கும் காரணம் வேறு வேறு. பாதிக்கப்பட்டவர்கள் கேட்க வேண்டியிருந்த கேள்வி மட்டும் ஒன்றே: "நம் தகவல் இங்கே தவிர வேறு எங்கே இருக்கிறது?"

அப்படியானால் கிளவுடே வேண்டாமா?

அப்படிச் சொல்வது இன்னும் பெரிய முட்டாள்தனம். ஆபீஸ் மூலையில், ஷூ கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், பேட்டரி செத்த யுபிஎஸ் மேல் ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் மொத்தக் கணக்கும். பேக்கப் என்றால் அதே மேஜை டிராயரில் ஒரு பென் டிரைவ்! இந்த நிலைமைக்குக் கிளவுட் ஆயிரம் மடங்கு மேல்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008 ஆகஸ்டில் சொந்தத் தகவல் மையத்தில் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தது. அதன் பிறகுதான் அமேசானுக்கு மாறத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தது. ஒரு நாள் கூட்டம் அலைமோதும், மறுநாள் காற்றாடும் என்ற தொழிலுக்கு வாடகை சர்வர்தான் சரி.

ஆனால் அதே அமேசானிலிருந்து டிராப்பாக்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. சொந்த சர்வர்களுக்கு மாறியதில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் என்று 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது கணக்குக் காட்டியது. பேஸ்கேம்ப் மென்பொருளை விற்கும் 37சிக்னல்ஸ் 2022-ல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியது. அந்த ஆண்டே வெளியேறப் போவதாக அறிவித்து, பிறகு சொந்த சர்வர் வாங்கியது. இன்னொரு வேடிக்கை: ஊருக்கெல்லாம் கிளவுட் மென்பொருள் விற்கும் நம் சென்னை ஸோஹோ, தன் மென்பொருளைச் சொந்தத் தகவல் மையங்களில்தான் ஓட்டுகிறது!

இவர்களில் யார் புத்திசாலி, யார் முட்டாள் என்பது கேள்வி அல்ல. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைப் பார்த்து முடிவெடுத்தார்கள். முக்கியமாக, நினைத்தபோது இடம் மாற இவர்களால் முடிந்தது. அதற்கேற்ற ஆட்கள் இருந்தார்கள். சிறு கம்பெனியில் அது இருக்காது. ஆகவே மாறும் வசதியை முதல் நாளே பார்த்து வாங்க வேண்டும்.

சரி, எதை எங்கே வைப்பது?

அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2011-ல் கொடுத்த விளக்கத்தில் மூன்று சேவை வகைகள் உண்டு. முடிந்த மென்பொருளை அப்படியே வாடகைக்கு எடுப்பது சாஸ். நம் நிரலை அவர்கள் மேடையில் ஓட்டுவது பாஸ். வெறும் சர்வரை மட்டும் எடுப்பது ஐயாஸ். செமினாரில் இதை ஏணிப்படி போலக் காட்டுவார்கள். மேலே போகப் போக வேலை குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மேலே போகப் போக இறங்குவதும் கடினம். அதைச் சொல்ல மாட்டார்கள்.

அதே திருப்பூர் கம்பெனிக்கே வருவோம்.

1. மின்னஞ்சல்: தயங்காமல் சாஸ். சொந்த மெயில் சர்வர் நடத்துவது தலைவலி. சொந்த டொமைன் பெயர் மட்டும் கம்பெனி பெயரிலேயே இருக்கட்டும். நாளை வேறு சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது.

2. கணக்கு, ஜிஎஸ்டி: எதில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. மொத்தக் கணக்கையும் இன்னொரு மென்பொருள் படிக்கும் வடிவில் இறக்க முடிய வேண்டும். பிடிஎஃப் ரிப்போர்ட் தருவது "இறக்குவது" ஆகாது. தவிர, பதிவு செய்த கம்பெனிகள் மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டது. விலை பேசுவதற்கு முன்பு இதைக் கேட்க வேண்டும்.

3. உற்பத்தி மென்பொருள்: நூல் வந்தது முதல் பெட்டி போகும் வரை கணக்கு வைக்கும், கம்பெனிக்கென்றே எழுதிய மென்பொருள். இதுதான் அதன் உயிர். லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற பொதுவான கருவிகளில் எழுதி, சாதாரண வாடகை சர்வரில் ஓட்டினால் போதும். ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் டேட்டாபேஸில் எழுதினால், அந்த நிறுவனம் விலை ஏற்றும்போது முழு மென்பொருளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

எதுவானாலும் ஒரு பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

வெளியே வர வாடகை!

இன்னொன்று. தகவலை உள்ளே ஏற்ற பெரிய கிளவுட் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே எடுக்கத்தான் ஜிபி கணக்கில் பில் வரும். 2024-ன் தொடக்கத்தில் கூகிள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் அடுத்தடுத்து, "நிரந்தரமாக வெளியேறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை" என்று அறிவித்தன. அப்போது ஐரோப்பாவில் இதற்கெதிரான சட்டம் தயாராகியிருந்தது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டப்படி, 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கான கட்டணமே கூடாது. ஆக, கதவில் பூட்டு இருந்தது என்பது அரசாங்கங்களுக்கே தெரிந்த விஷயம். செமினார் ஸ்லைடுக்கு மட்டும்தான் இன்னும் தெரியவில்லை!

அடுத்த முறை யாராவது "கிளவுட் என்பது மின்சாரம் மாதிரி" என்று ஆரம்பித்தால், கைதட்டும் முன் ஒரு கை தூக்குங்கள். "நாளைக்கு இந்தக் கம்பெனி வெளியே வர நினைத்தால் எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும், எந்த வடிவத்தில் தகவல் கையில் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் சொல்லும் கிளவுடை வாங்கலாம். பதில் தெரியாதவர் சொல்வதை நம்பினால், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைத் தேடிக்கொண்டு நிற்பது அவர் அல்ல... அந்த 40 பேர்!