சொன்னால் குற்றம்!

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பி.எஃப். பணத்தில் பழைய வேன் ஒன்று வாங்கினார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தச்சரை வைத்து ஆறடிக்குப் பலகை அடித்து மெத்தை போட்டார். மூலையில் சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் கேன், துணிமணிக்கு ஓர் அலமாரி. மனைவிக்கு முழங்கால் வலி. நினைத்த இடத்தில் நிறுத்தி, படுத்து எழுந்து, கஞ்சி வைத்துக் குடித்து, நிதானமாக தனுஷ்கோடி வரை போய்வரலாம் என்று ஆசை.

முப்பது வருஷம் பையன்களுக்கு நேர்மையைப் பாடம் நடத்தியவர் இல்லையா? மாற்றிய கையோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், ஆர்.சி.யில் இதைப் பதிந்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: ‘‘இதை எதுக்கு சார் எங்ககிட்ட வந்து சொல்றீங்க? பேசாம ஓட்டிட்டுப் போங்களேன்!’’

அவர் கெட்டவர் இல்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். வயிற்றெரிச்சலே அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தபோது, அதன் 52-வது பிரிவு நியாயமாகத்தான் இருந்தது. வண்டியை மாற்ற வேண்டுமா? ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவி, அனுமதி வாங்கு, மாற்றிக்கொள். 2000-ல் அந்தக் கதவைச் சாத்தினார்கள். தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக, ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், சட்டம் சொல்வது அதுதான் என்று உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சீட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி என்று தனித்தனியாக எண்ணினால் நம் வாத்தியாருக்கு 20,000 ரூபாய்!

இன்ஷூரன்ஸ் கதை இன்னும் விசேஷம். தேர்ட் பார்ட்டி பாலிசி இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. வாத்தியார் அங்கேயும் உண்மையைச் சொன்னார். ‘‘ஆர்.சி.யில ஏறாத மாற்றத்துக்கு நாங்க பாலிசி தர மாட்டோம்’’ என்றார்கள். சரி, மறைத்தால்? முக்கியத் தகவலை மறைத்து வாங்கிய பாலிசி என்று, நாளை வண்டி எரிந்து நிற்கும்போது கையை விரிக்கலாம். சொன்னால் பாலிசி இல்லை. சொல்லாவிட்டால் க்ளெய்ம் இல்லை.

கேம்பர் வேன் என்ன, சட்டத்துக்குத் தெரியாத வஸ்துவா? அதுவும் இல்லை. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனுக்குத் தனி இடமே உண்டு. கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 124 என்றொரு தர விதியும் இருக்கிறது. அதன்படி கட்டி ஒப்புதல் வாங்கிய கம்பெனியிடம் புத்தம் புதிதாக வாங்கினால், ராஜ மரியாதையோடு பதிவாகும். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே அறிவித்தது. ஆக, கேரவன் வேண்டும். அது கம்பெனி கட்டியதாக, லட்சங்கள் கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய வேனும் உள்ளூர் தச்சரும் மட்டும் ஆகாது.

‘கண்டவனும் கண்டபடி வெல்டிங் வைத்தால் ரோட்டில் போகிறவன் கதி என்ன?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் காஸ் சிலிண்டர் வைத்துச் சமைத்து, ஒன்பது பேர் கருகிச் செத்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் யோசியுங்கள். ரயிலில் சிலிண்டருக்கு அன்றைக்கும் தடைதான். தடை சிலிண்டரை நிறுத்தவில்லை. ஒளித்து வைக்கத்தான் சொல்லிக் கொடுத்தது. கோயில் குளம் என்று கிளம்பும் வேன்களில் பாத்திரம் பண்டத்தோடு சிலிண்டரும் ஏறுவதை நீங்கள் பார்த்ததே இல்லையா?

வெளியில் சொன்னாலே குற்றம் என்றால், ஒருத்தரும் வண்டியைக் கொண்டுவந்து காட்ட மாட்டார்கள். காட்டாத வண்டியை யார் சோதிப்பது?

இங்கிலாந்தில் வேனை நீங்களே வீடாக்கலாம். ஆறடிப் படுக்கை, மேஜை, அடுப்பு, அலமாரி, பக்கவாட்டில் ஜன்னல் என்று பட்டியலே தருகிறார்கள். ஆவணத்தோடு போட்டோக்களையும் அனுப்பி, ‘மோட்டார் கேரவன்’ என்று மாற்றித் தரக் கேட்கலாம். வெளித்தோற்றமும் கேரவன் மாதிரி இல்லை என்று மறுப்பதும் உண்டு. மறுத்தால் அது ஆவணத்தில் வேனாகவே தொடரும், அவ்வளவுதான். ஓட்டியவரை ஜெயிலில் போடுவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, அதற்கேற்ற பாலிசி வாங்கிக்கொள்கிறார்கள்.

நம்மால் முடியாதா? வொர்க்‌ஷாப்பில் சி.என்.ஜி. கிட் மாட்டி, சான்றிதழ் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுவது இங்கே தினமும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அழுத்தத்தில் அடைத்த காஸை நம்பும் அரசாங்கம், ஒரு மரக்கட்டிலை நம்பக் கூடாதா?

கேட்பது பெரிய சலுகை இல்லை. தனி ஆள் மாற்றிய ஒற்றை வண்டிக்கென்று ஒரு சோதனை முறை வேண்டும். எடை, பிரேக், வயரிங், காஸ் இணைப்பு, அவசர வழி, ஓடும்போது உட்காரும் ஒவ்வொருவருக்கும் சீட் பெல்ட். இவற்றைக் கறாராகப் பாருங்கள், கட்டணம் வாங்குங்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. தேறிய வண்டியை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். ஏறியதற்கு, கூடுதல் ப்ரீமியம் போட்டாவது, பாலிசி தந்தாக வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடட்டும்.

அடுத்த தடவை ராத்திரியில் ஜன்னலுக்குத் திரை போட்ட வேன் ஒன்று உங்களை ஓவர்டேக் செய்தால், அதற்குள் இருக்கும் காஸ் ட்யூபை எந்த அதிகாரியும் பார்த்ததில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வந்து பாருங்கள் என்று வலியக் கூப்பிட்ட ஒரே மனுஷர், போன வாரம் பலகையைப் பிரித்துவிட்டுப் பழைய சீட்டுகளைத் திரும்ப மாட்டிவிட்டார். மெத்தை அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.