கண்ணுக்குத் தெரியாத சிலந்திக்குக் கண்மூடி மருந்தா?

காய் வெட்டு முடிந்து குவித்த தேங்காயில், காம்புக்குக் கீழே பழுப்பேறி, மட்டை வெடித்து, சூம்பிய காய்களைப் பார்த்து மனம் நோகாத தென்னை விவசாயி அரிது. இது ஈரியோபைட் என்னும் சிலந்திப்பேனின் வேலை. மெக்ஸிகோவின் குரேரோ மாநிலத்துக் காய்களில் கண்டெடுக்கப்பட்டு 1965-ல் பெயரிடப்பட்ட இது, 1997-ல் இலங்கையிலும் 1998-ல் கேரளத்திலும் தலைகாட்டியது. அடுத்துத் தமிழகத் தோப்புகளிலும் பரவியது.

இது பூச்சியன்று; உண்ணிக்கு உறவு. பூச்சிக்கு ஆறு கால். சிலந்திப்பேன்களுக்குப் பொதுவாக எட்டு. இதற்கோ நாலே கால்தான். நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். காற்றில் பரவி, குரும்பையின் காம்படி இதழ்களுக்குள் புகுந்து இளந்தோலின் சாற்றை உறிஞ்சுகிறது. சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இந்த இருப்பிடத்தை அறிந்தால்தான் மருந்து பலிக்காத காரணம் விளங்கும். ஆளை மரமேற்றித் தெளித்தாலும் மருந்து இதழின் அடிக்கு எளிதில் எட்டாது. வடு வெளியே தெரியும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். அந்தக் காய் எந்த மருந்துக்கும் திருந்தாது. கடைக்காரர் சொல்லும் மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தால் கூலி போவதோடு, நன்மை செய்யும் சிலந்திகளும் மடியும்.

ஆம், அப்படியும் உண்டு. 'நியோசீயுலஸ் பராக்கி' என்னும் தட்டை உடல் சிலந்தி, அதே இதழ் இடுக்கில் நுழைந்து ஈரியோபைட்டைத் தின்கிறது. இலங்கையின் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் இதைப் பெருமளவில் வளர்த்துத் தோப்புகளில் விட்டது. குரும்பைகளைப் பிரித்து உருப்பெருக்கியின் கீழ் பொறுமையாகப் பார்த்த ஆராய்ச்சியின் பலன் இது. நோய் தலைவிரித்தாடும்போது மட்டும் இத்தகைய ஆராய்ச்சியைத் தேடுவது முறையல்ல. அமைதியான ஆண்டுகளிலும் அதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

விவசாயியின் பங்கும் உண்டு. உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி எரிக்க வேண்டும். தாக்கிய தோப்பில் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, போராக்ஸ் 50 கிராம் இடலாம். ரசாயன உரங்களை இரு தவணையாகப் பிரித்து இட்டு, கோடையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் மரம் தாக்குதலைத் தாங்கும்.

மருந்துக் கடைக்குப் போகுமுன், ஒரு குரும்பையின் இதழைப் பிரித்து லென்ஸால் பார்ப்பது நல்லது. எதிரி யார், எங்கே இருக்கிறான் என்று தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.