ஒரு லீற்றர் மிளகு

சென்ற வாரம் வகுப்பிலே அடர்த்தி பற்றிய பாடம் நடத்தினோம். களிமண்ணை உருண்டையாக்கினாலும் தட்டையாக்கினாலும் அதன் திணிவும் கனவளவும் மாறுவதில்லை. ஆதலால் அடர்த்தியும் மாறுவதில்லை என்று விளக்கினோம். அப்போது மாத்தளைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து நின்றான்.

"ஐயா, எங்கள் மிளகு லீற்றருக்கு நிறை குறைவென்று வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். மணி சிறியது, அதனால் இடையிலே காற்று அதிகம் என்கிறார். அது சரியா?"

அவன் தாயாரின் ஓராண்டு உழைப்பு அக்கேள்வியில் அடங்கியிருந்தது. மறுநாள் மிளகு கொண்டுவரச் சொன்னோம்.

நேயர்களே, மணியின் அடர்த்தி வேறு. குவியலின் அடர்த்தி வேறு. குவியலில் காற்றும் இடம் பிடித்திருக்கிறது. ஒரே அளவான உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பங்கு இடத்துக்கு மேல் நிரம்பாது என்று 1611இல் கெப்ளர் கருதினார். 1998இல் தோமஸ் ஹேல்ஸ் அதற்கு நிறுவல் அளித்தார். ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 பங்கே நிரம்பும். உருண்டைகள் பெரியனவாயினும் சிறியனவாயினும் இக்கணக்கு ஒன்றே. வடிவம் மாறினாலோ கணக்கும் மாறும். தட்டையாய் உருண்ட மிட்டாய்கள் ஏறத்தாழ 68 பங்கு இடத்தை நிரப்புவதை அமெரிக்கப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2004இல் கண்டனர்.

இதனைச் சோதிக்க, நன்கு முற்றிய மிளகை அரித்துப் பெருமணி, சிறுமணி எனப் பிரித்தோம். ஒரே முகவையில் ஒவ்வொன்றாக நிரப்பி நிறுத்தோம். நிறை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பின்னர் மாணவனின் மிளகை நிறுத்தோம், நிறை குறைந்தது. நீரில் இட்டபோது முற்றிய மிளகு அமிழ்ந்தது. இவனுடையதில் பாதி மிதந்தது.

"காய் முற்றுமுன் பறித்தீர்களோ?" என்றோம்.

"பணமுடை, ஐயா" என்று தலைகுனிந்தான்.

வியாபாரியின் தராசு பிழைக்கவில்லை; அவர் சொன்ன காரணமே பிழைத்தது. குறை மணியின் பருமனில் இல்லை; உள்ளீடு நிரம்பாமையில் இருக்கிறது. ஆயினும் இலேசான மிளகு வீணன்று. எண்ணெய் வடிப்போர் அதனை விரும்பி வாங்குவதுண்டு.

"அடுத்த முறை முற்றவிட்டுப் பறியுங்கள், முடியாவிடில், எண்ணெய்க்கு வாங்குவோரையும் விலை கேளுங்கள்" என்றோம். மாணவன் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டான், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக.