பூசணிக்காயில் எத்தனை விதை?

இந்த வாரம் இந்தப் பத்திக்காரரின் ரத்த அழுத்தத்தை ஏற்றியது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ‘அமெரிக்காவில் யூனிவர்சிட்டி சேர்ந்த பசங்களில் நாலில் ஒருத்தனுக்குக் கூட்டல் தெரியலையாம்’ என்று ஆரம்பித்து, நம்ம ஊர்ப் பிள்ளைகளின் மூளையை மெச்சி, வாய்ப்பாட்டின் பெருமையைப் பாடி, கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக நிற்க முடிகிறது. குடும்பக் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என்று எல்லா வழியாகவும் வந்து சேர்ந்தாயிற்று. 2025 நவம்பரில் வெளியான அறிக்கையை வைத்து எழுதியது, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

விஷயம் பாதி உண்மை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், கணக்கில் பின்தங்கி வரும் முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. பெயர் ‘மேத் 2’. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கணக்கைக் கல்லூரி வகுப்பறையில் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பாடத்துக்கு வந்தவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: 7 + 2 = □ + 6. கட்டத்துக்குள் என்ன வரும்? ஏறத்தாழ நாலில் ஒருவர் தப்பாக எழுதினார்கள். ஃபார்வர்டு தயாரித்த புண்ணியவான் ‘அந்தப் பாடத்துக்கு வந்தவர்களிடம்’ என்ற மூன்று சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்.

சரி, நம்ம பக்கம் எப்படி? பிரதம் தொண்டு நிறுவனத்தின் ‘ஏசர்’ ஆய்வு 2023-ல் 14 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தேடிப் போனது. 26 மாநிலங்கள், 28 மாவட்டங்கள், 34,745 பேர். தமிழ்நாட்டில் எடுத்துக்கொண்ட மாவட்டம் எது தெரியுமா? நம்ம பெரம்பலூர். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து, 2001-ல் அரியலூரைக் கழித்து, 2002-ல் திரும்பக் கூட்டி, 2007-ல் மறுபடி கழித்த மாவட்டம் என்பதால் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்னவோ.

மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் மொத்த ஆய்வில் 43 சதவீதம்தான். அதைவிட இந்தப் பத்திக்காரரை உலுக்கியது ஸ்கேல் கணக்கு. பென்சில் போல ஒரு பொருளை ஸ்கேலின் 0-வில் தொடங்குமாறு வைத்து நீளம் கேட்டால் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதே பொருளைக் கொஞ்சம் தள்ளிவைத்து, 0-வைத் தவிர வேறு எங்கிருந்தோ தொடங்குமாறு செய்தால் 39 சதவீதமாக இறங்கிவிட்டது. ஸ்கேல் அதேதான், பொருளும் அதேதான். நடுவில் ஒரு கழித்தல் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கழி என்று யாரும் சொல்லவில்லை.

சான் டியாகோ கட்டமும் ஏசர் ஸ்கேலும் ஒரே நோய். ஸ்கேலில் கடைசி எண்தான் நீளம் என்பது போல, ‘=’ என்றால் ‘விடை இதோ’ என்று பிள்ளைகளின் மனதில் பதிந்துபோயிருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் 8 + 4 = □ + 5 என்று கொடுத்தார்கள். 7 என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை. 12 என்றார்கள், இல்லையென்றால் 17 என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே எடை என்பதைச் சொல்லத்தான் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் இரண்டு இணைகோடுகளைப் போட்டுவைத்தார். கால்குலேட்டரில் அது கடைசியாக அமுக்குகிற பொத்தானாகிவிட்டது.

இங்கே இந்தப் பத்திக்காரரின் பழைய புலம்பல் ஒன்றைத் திரும்ப எடுக்காமல் இருக்க முடியாது. வாரா வாரம் படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ‘அந்தப் பக்கம் போனா குறி மாறும்’ என்கிற மந்திரத்தை யார் கண்டுபிடித்தது? சமன் குறி என்னவோ திருமாந்துறை டோல்கேட் போலவும், அதைத் தாண்டுகிற ப்ளஸ்ஸெல்லாம் மைனஸாக மாறி ரசீது வாங்க வேண்டும் என்பது போலவும் ஊர் ஊராகச் சொல்லித்தருகிறார்கள். x + 7 = 12 என்றால் 7 எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் 7-ஐக் கழிக்கிறோம்; இடப்பக்கம் 7 காலி, வலப்பக்கம் 5. இந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்லாமல் விட்டால், 3x = 12 வரும்போது பையன் 3-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பி, குறியை மாற்றி, x = 12 − 3 = 9 என்று அழகாக அடிக்கோடு போட்டுவைப்பான். மந்திரத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம் தொடங்குவது ஆறாம் வகுப்பில். தீக்குச்சியை அடுக்கிவைத்து, அடுத்த உருவத்துக்கு எத்தனை குச்சி என்று கேட்டு, மெல்ல எழுத்துக்குக் கொண்டுபோகிற நல்ல பாடம்தான். ஆறாம் வகுப்பில் அதைத் தவறவிட்ட பிள்ளை எட்டு, பத்து, ப்ளஸ் டூ என்று மந்திரத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி ஒருநாள் இன்ஜினியரிங் கல்லூரி வாசலில் வந்து நிற்கும். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் காத்திருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பிரிட்ஜ் கோர்ஸ். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2021-ல், இன்ஜினியரிங் சேர ப்ளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கட்டாயமில்லை என்கிற மாதிரி ஒரு கையேடு போட்டது. நாடே எழுந்து கேட்டதும், கணக்குதான் அஸ்திவாரம், அதில் மாற்றமில்லை என்று விளக்கம் கொடுத்தது. வேறு பிரிவுகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்திச் சரிசெய்யச் சொன்னதும் அதே கையேடுதான். நடக்கவும் நடக்கிறது, கல்லூரிக்குக் கல்லூரி ஒரு மாதிரி. பெரும்பாலும் முதல் நாள் மாலை மரியாதை, இரண்டாம் நாள் ஆளுமை வளர்ச்சி, மூன்றாம் நாள் கணக்கு. அந்தக் கணக்கும் ப்ளஸ் டூ வகையீட்டிலிருந்து தொடங்கும். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவரக் கல்லூரிக்கு வெட்கம். மாணவருக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. சந்தேகமிருந்தால் சனி, ஞாயிறுகளில் பெரம்பலூரில் குரூப் 4 கோச்சிங் நடக்கிற ஏதாவதொரு மாடிக்கு ஏறிப் பாருங்கள். 200 கேள்விகளில் 25 கணக்குக்காக, பட்டம் வாங்கினவர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சுருக்குதலும் விகிதமும் மீ.பெ.கா.வும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அரியலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கு எடுக்கும் நண்பர் (பெயர் போட்டால் எச்.ஓ.டி. கூப்பிட்டு அனுப்புவார் என்கிறார்) இந்த வருஷம் பிரிட்ஜ் கோர்ஸைத் தன் தலையில் கட்டிவிட்டதாகப் புலம்பினார். “அண்ணே, ஆறாவது புக்க எடுத்தா பசங்க சிரிப்பானுங்க. எடுக்கலைன்னா ஒண்ணும் புரியாது. என்ன பண்ண?”

இந்தப் பத்திக்காரரிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கணக்கதிகாரம். தெரிந்தே கேட்டார் போல.

சோழநாட்டுக் காரிநாயனார் எழுதிய இந்த நூலைப் பற்றி இங்கே பலமுறை அளந்தாயிற்று. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிலம், பொன், நெல், அரிசி, கல், கால் என்று ஊர் வாழ்க்கையின் அத்தனை அளவுகளுக்கும் வெண்பாவில் கணக்கு. நடுநடுவே கிறுக்குத்தனமான சில பாட்டுகள் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்லச் சொல்லும்: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. முள் 100 என்றால் சுளை 120. இன்னொன்று பூசணிக்காய்க்கு. கீற்றை எண்ணு, மூன்றால் பெருக்கு, பிறகு ஆறால், பிறகு ஐந்தால், வந்ததைப் பாதியாக்கு, மூன்றால் வகு. அதுதான் விதை.

நண்பர் மறுநாள் இதைக் கரும்பலகையில் எழுதினார். கடைசி பெஞ்சில் ஓசியில் உட்கார இந்தப் பத்திக்காரருக்கும் அனுமதி கிடைத்தது. சுமார் அறுபது முகங்கள். பாதிப்பேர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கீற்று 10 என்றார் நண்பர். 30, 180, 900, பாதி 450, மூன்றில் ஒன்று 150 என்று வகுப்பு முனகியது. கீற்று 12 என்றார். 36, 216, 1,080, 540, 180. மூன்றாவது தடவை எண் சொல்லவில்லை. “கீற்று எத்தனைன்னு தெரியாது. x-ன்னு வெச்சுக்குங்க. போடுங்க பாப்போம்.”

3x, 18x, 90x, 45x, 15x.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்துவிட்டு வந்த ஒரு பையன் கேட்டான். “சார், மூணால பெருக்கிட்டு அப்பறம் மூணாலயே வகுக்கறான். இது எதுக்கு சார்? தண்டம்தானே?”

நியாயமான கேள்வி. பாட்டாகப் பாடினால் அந்த மூன்று கண்ணில் படாது. 150, 180 என்று எண்ணாகப் போட்டாலும் படாது. எழுத்தாக எழுதினால்தான் பல்லிளிக்கிறது. காரிநாயனார் அதை ஏன் வைத்தார்? சீர் நிரப்பவா, பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சியா? ‘மேதமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி’ என்று 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த புத்தகத்தில் செந்தில்பாபு, திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் கிளிப்பாடமாக ஒதுக்கிவிடக் கூடாது, அதுவே ஒரு கற்றல்முறை என்று விரிவாக வாதாடுகிறார். முந்திரி 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு என்று பின்னங்களை நாக்கு நுனியில் வைத்திருந்த பிள்ளைக்கு இந்தப் பெருக்கலும் வகுத்தலும் கபடிக்கு முன்னால் எடுக்கிற தண்டால்தான் என்பது இந்தப் பத்திக்காரரின் கட்சி. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்பவர் குழம்பட்டும் என்று வேண்டுமென்றே போட்ட விடுகதை முடிச்சு என்கிறார். வாசகர்கள் எழுதலாம்.

வகுப்பு அதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. “பாட்டு சரியான்னு பாத்துரலாம் சார்” என்று ஒரு பெண் எழுந்தாள். மெஸ்ஸில் சாம்பாருக்கு வாங்கிப்போட்டிருந்த மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய், ஒன்று மேஜைக்கு வந்தது. மாஸ்டர் முறைத்தார், கத்தியையும் அவரே கொடுத்தார். கீற்று 12. சூத்திரப்படி 180 விதை. நாரோடு வழுக்குகிற விதைகளைப் பத்துப் பத்தாகப் பழைய செய்தித்தாளில் பரப்பி எண்ணினார்கள். சூம்பிப்போன விதையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பஞ்சாயத்து. கடைசியில் 288.

காரிநாயனாருக்கு ஆதரவாக ஒருவரும் பேசவில்லை. தொழிற்பிரிவுப் பையன்தான் மறுபடி. “15-க்குப் பதிலா வேற ஏதோ வரணும் சார்.” என்ன வரணும் என்றார் நண்பர். பையன் எழுந்துபோய்ப் பலகையில் 12 × □ = 288 என்று எழுதினான். எந்தப் பக்கம் எது போகிறது, எந்தக் குறி மாறுகிறது என்றெல்லாம் யாரும் பேசவில்லை. இரண்டு பக்கத்தையும் 12-ஆல் வகுத்து 24 என்று நாலைந்து குரல் ஒன்றாகச் சொன்னது. இன்னொரு காய் வெட்டினால் 24 வருமா என்று அடுத்த சண்டை தொடங்கியது. வந்தாலும் எத்தனை காய்க்கு வந்தால் நம்பலாம் என்று அந்தப் பெண் மடக்கினாள். நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அட்டவணையில் இருந்தது வகையீடு.

பரங்கிக்காய் மதிய சாம்பாருக்குப் போய்விட்டது. அடுத்து பலா முள்ளை எண்ண வேண்டும் என்று வகுப்பு ஒற்றைக்காலில் நிற்கிறதாம். ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டுத் தோப்பிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் கவுன்சிலிங் முடிந்து பிரிட்ஜ் கோர்ஸ் ஆரம்பிக்கிறபோது பலா சீசன் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு முள்ளைச் சீசனிலேயே எண்ணி, சுளையையும் எண்ணி, குறித்துவைத்துக்கொண்டு வரும்படி சீனியர்களிடம் நண்பர் சொல்லிவைத்திருக்கிறார்.