ஆணையிட்டவர்களின் பங்கு

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு பாஸ்டனில் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, அவர்களை வதைத்தது மரண பயம் மட்டுமல்ல என்று கண்டார். தகாததைச் செய்ய மேலதிகாரியே ஏவியதும், தாம் அதற்கு உடன்பட்டதும், தடுக்காமல் நின்றதும் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தன. இதையே அறக்காயம் என்கிறார்கள். ஊரார் பிள்ளையைச் சுட்ட கையால் சொந்தப் பிள்ளையைத் தூக்க ஒருவர் கூசுகிறார். காரணம் அறியாத மனைவி, அவருக்கு அன்பே வற்றிவிட்டது என்று நினைக்கிறாள். ‘கடமையைத்தானே செய்தீர்கள்’ என்னும் ஆறுதல் எனக்குக் கொடுமையாகவே படுகிறது. அவர் பேச வாய் திறக்கும்போதே அது அடைத்துவிடுகிறது. 1968-இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில், சக வீரர்களுக்கும் அவர்கள் கொல்லவிருந்த மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார் அமெரிக்க ராணுவ விமானி ஹியூ தாம்ப்சன். அவரையே பலர் துரோகி என்று ஏசினார்கள். அந்தத் துணிவுக்கு ராணுவம் உரிய பதக்கம் தந்தது 1998-இல்தான். காப்பாற்றியவருக்கே இந்தக் கதி என்றால், சுட்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்? அவரைப் போருக்கு அனுப்பிய நாடு முதலில் உட்கார்ந்து கேட்கட்டும். அந்தப் பாரத்தை மனைவியின் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம்.